தறியில் உழைக்கும் தசை

ஆரணி, செய்யாறு பக்கத்துப் பட்டுக் குழித்தறியில் கால் மிதியை அமுக்க, பாவு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கை கயிற்றைச் சுண்ட, குறுக்கு நூலான ஊடையைச் சுமந்து நாடா பாய்கிறது. மறு கை பலகையை இழுத்து ஊடையை நெருக்குகிறது.

இந்த அசைவுகளைச் செய்யும் தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. முழங்கையை மடக்க மேற்கையின் முன்புறத் தசை, நீட்டப் பின்புறத் தசை. அதனால்தான் இந்த ஜோடி.

தசைநாருக்குள் ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகள் அடுக்கடுக்காக உள்ளன. நரம்பின் கட்டளை வந்ததும் நாருக்குள் கால்சியம் வெளிப்படுகிறது. மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன. இழைகள் சுருங்குவதில்லை. ஒன்றை ஒன்று உரசி வழுக்குகின்றன, தசை குறுகுகிறது. 1954இல் இதைத் தனித்தனியே சொன்ன இரு குழுக்களிலும் ஹக்ஸ்லி என்ற பெயருடைய ஒருவர் இருந்தார். இருவரும் உறவினர் அல்லர்!

அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணில் உள்ள கொலாஜன் மூன்று இழைகளின் முறுக்கு என்று காட்டினார்கள். பட்டு நூல் முறுக்கும் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தறியில் அதிகம் வாடுவது கையல்ல, முதுகு. கைத்தசை இறுகித் தளர்கிறது. தளரும்போது ரத்தம் பாய்கிறது. குனிந்த உடலைத் தாங்கும் முதுகுத் தசைக்கோ மணிக்கணக்கில் தளர்வில்லை. இறுகிய தசை ரத்தக் குழாய்களை நெரிக்கும். மாலையில் இடுப்பு பிடித்துக்கொள்வதில் இதற்குப் பெரும் பங்குண்டு.