வீட்டு விளக்கும், மலைத் தீபமும்!

திருவண்ணாமலை கலெக்டர் அலுவலகம் இருக்கும் ஊர், வேங்கிக்கால். கார்த்திகை தீபத்தன்று அங்கே தெருவில் நின்றால், மலை உச்சியில் எரியும் தீபத்தைக் காணலாம். அது ஊருக்கே பொது.

வீட்டுப் பூஜை அறையில் எரியும் அகல் விளக்கு? அது வீட்டாருக்கு மட்டும்தான். தெருவில் போகிறவர் கண்ணில் படாது.

ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியும் இப்படித்தான்! 1995-ம் ஆண்டு, அமெரிக்காவில் நெட்ஸ்கேப் கம்பெனியில் வேலை பார்த்த பிரெண்டன் ஐக் என்பவர், அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் உருவாக்கினார். இன்று செல்போனில் நாம் பார்க்கும் இணையப் பக்கங்களில் பெரும்பாலானவற்றில் அந்த மொழி இருக்கிறது.

கல்யாணம் அல்ல!

அதில் ‘பங்ஷன்’ என்று ஒன்று உண்டு. கல்யாண பங்ஷன் அல்ல! ஒரு வேலைக்கு வேண்டிய கட்டளைகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுதான் பங்ஷன். அது ஒரு வீடு மாதிரி.

விலை, எண்ணிக்கை போன்றவற்றைக் கம்ப்யூட்டர் ஒரு பெயர் வைத்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். பங்ஷனுக்குள் ‘வார்’ என்ற சொல்லைப் போட்டு வைத்த பெயர், அதற்குள்ளேதான் செல்லும். வெளியே தெரியாது.

500 ரூபாய், 3 ரூபாய் ஆன கதை

ஒரு மளிகைக் கடை பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்ஷன் விலைகளைக் கூட்டுகிறது. அதில் ‘மொத்தம்’ 500. இன்னொரு பங்ஷன் பைகளை எண்ணுகிறது. அதிலும் ‘மொத்தம்’ உண்டு. அது 3. இரண்டும் தனித்தனி வீட்டில் இருப்பதால் சண்டை இல்லை.

இரண்டிலும் ‘வார்’ போட மறந்துவிட்டால்? ‘மொத்தம்’ தெருவுக்கு வந்து, பொதுப் பெயர் ஆகிவிடும். 500 அழிந்து, 3 நிற்கும். அதைப் பார்த்து பில் போட்டால், கடைக்காரர் தலையில் துண்டுதான்!

வந்தது காவல்

இதைத் தடுக்க 2009-ல் ஒரு கண்டிப்பு முறை வந்தது. அதைக் கடைப்பிடித்தால், முறைப்படி அறிவிக்காத பெயரில் எதையாவது வைக்கப் போனதுமே, “தவறு” என்று சொல்லி வேலை நின்றுவிடும். 2015-ல் ‘லெட்’, ‘கான்ஸ்ட்’ என்ற சொற்கள் வந்தன. இவை, வீட்டுக்குள் இருக்கும் ஓர் அறைக்குள்ளேயே கூடப் பெயரை அடக்கி வைக்கும்.

பங்ஷனுக்குள் ஒரு பெயரைச் சொன்னால், கம்ப்யூட்டர் முதலில் அதற்குள்ளேயே தேடும். அங்கே இல்லாவிட்டால்தான் வெளியே பார்க்கும்.

அது சரிதானே? “விளக்கை எடுத்து வா” என்று அம்மா சொன்னால், வீட்டில் இருக்கும் அகலைத்தான் எடுத்து வருவோம். மலைக்கு யாரும் ஓடுவதில்லை!