எழுதத் தெரியாதவரின் இரண்டு எழுத்து

பழைய லண்டன் வெள்ளி ஸ்பூன் ஒன்றைத் திருப்பினால், காம்பின் பின்புறம் குட்டிக் குட்டி முத்திரைகள் வரிசையாக நிற்கும். நடந்துபோகும் சிங்கம், கிரீடம் வைத்த சிறுத்தைத் தலை, சின்ன ‘எச்’ எழுத்து. பக்கத்தில், கையெழுத்தைப் போல் வளைந்து ‘எச்.பி.’.

செய்தவரைக் காட்டுவது அந்தக் கடைசி இரண்டு எழுத்துதான். ஆனால் அதைக் கடைசியில்தான் படிக்க வேண்டும். ஒரே முதலெழுத்துகள் பல பொற்கொல்லர்களுக்கு இருந்திருக்கும். ஊரும் காலமும் தெரிந்த பிறகே ஆளைத் தேட முடியும்.

சிங்கம் மாற்றைச் சொல்கிறது: ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. 1544 முதல் லண்டனில் அது பதிக்கப்படுகிறது. சிறுத்தைத் தலை லண்டனுக்கு உரியது. பர்மிங்காமுக்கு நங்கூரம், எடின்பரோவுக்குக் கோட்டை, ஷெஃபீல்டுக்கு 1975 வரை கிரீடம்.

தனி எழுத்து ஆண்டைக் குறிக்கும். லண்டன் பொற்கொல்லர் மன்றத்தில் 1478-இல் தொடங்கிய வழக்கம் இது. அக்காலத்தில் இருபது எழுத்து முடிந்ததும் எழுத்தின் வடிவத்தை மாற்றி மறுபடி ‘ஏ’யிலிருந்து தொடங்குவார்கள். அதனால் எழுத்தோடு அதன் வடிவத்தையும் சுற்றியுள்ள கட்டத்தையும் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். நம் ஸ்பூனின் சின்ன ‘எச்’ 1776-இல் தொடங்கிய சுற்றைச் சேர்ந்தது, ஆண்டு 1783. இதைச் சரிபார்க்கவும் வழி உண்டு. வரி கட்டியதற்கு அடையாளமான அரசர் தலை முத்திரை 1784 டிசம்பரில்தான் வந்தது. இந்த ஸ்பூனில் அது இல்லை. கணக்கு ஒத்துப்போகிறது.

இனி ‘எச்.பி.’. வெள்ளியில் கலப்படம் செய்தவரைக் கண்டுபிடிப்பதற்காகவே, ஒவ்வொருவரும் தமக்கென ஒரு குறி வைத்திருக்க வேண்டும் என்று 1363-இல் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. அந்தக் குறிகள் மன்றத்தின் பதிவேட்டில் ஏறின. 1761-இல் அங்கே ‘எச்.பி.’யைப் பதிந்தவர் ஹெஸ்டர் பேட்மேன். முந்தைய ஆண்டு கணவரை இழந்த அவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். பன்ஹில் ரோ தெருவில் இருந்த பட்டறையைப் பிள்ளைகளோடு சேர்ந்து நடத்தினார். ஆகவே இந்த ஸ்பூனை அவரே தட்டினார் என்று சொல்ல முடியாது. அதன் தரத்துக்கு அவர் பொறுப்பு ஏற்றார் என்று உறுதியாகச் சொல்லலாம்.

1790-இல் அவர் ஒதுங்கியதும் பீட்டர், ஜோனத்தன் என்ற மகன்களின் முத்திரை வந்தது. ஜோனத்தனின் முதலெழுத்து அதில் ‘ஜே’ அல்ல, ‘ஐ’. அக்காலத்தில் ‘ஜே’க்குப் பதில் ‘ஐ’ பொறிப்பதே வழக்கம். இது தெரியாதவர்கள் இல்லாத ஒருவரைப் பதிவேட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

சென்னை மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ் செய்த வெள்ளிச் சாமான்களில் இந்த வரிசையை எதிர்பார்க்கக் கூடாது. பிரிட்டிஷ் இந்தியாவில் இப்படி மாற்றுப் பார்த்து முத்திரை குத்தும் மன்றம் கிடையாது. சிங்கமும் இல்லை, ஆண்டு எழுத்தும் இல்லை. நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கும். தேநீர்ப் பாத்திரத்தைச் சுற்றிப் புடைத்து நிற்கும் சாமி உருவங்களே அது எந்த ஊர் வேலை என்று காட்டிக்கொடுக்கும்.