அலகு மாறினால் அளவு மாறுமா?

கணக்கு என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்கள் நம் கல்லூரியில் பலர் உண்டு. "தேர்வு முடிந்தால் கணக்கும் முடிந்தது" என்பது அவர்கள் வாதம். ஆனால் நிலமும் நீரும் விலையும் உள்ளவரை கணக்கு நம்மை விடுவதில்லை. அலகு மாற்றம் என்னும் சிறு கணக்கை அறியாததால் பெரும் இழப்பு நேர்வதும் உண்டு. அதனை நம் சேலம், நாமக்கல் பகுதியின் நிலத்தையும் நீரையும் கொண்டே காண்போம்.

முதலில் நிலம். நண்பர் ஒருவரின் குடும்பம் ஊரைவிட்டு நெடுநாளாக நகரில் வாழ்கிறது. பூர்வீக நிலத்தை விற்க எண்ணிப் பட்டாவை எடுத்துப் பார்த்தனர். பரப்பு என்ற இடத்தில் 0 - 40.50 என்றிருந்தது. "நாற்பதரை சென்ட்" என்று முடிவு செய்து, அதற்கேற்ப விலையும் பேசிவிட்டனர். பத்திரம் எழுதும் முன்புதான் நண்பர் தலைப்பைக் கவனித்தார். அங்கிருந்தது சென்ட் அன்று, ஹெக்டேர், ஏர்!

1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தின் வழியே நம் நாட்டில் மெட்ரிக் முறை வந்தது. பட்டா அம்முறைக்கு மாறிவிட்டது. நம் பேச்சு மாறவில்லை. குழப்பத்தின் வேர் இதுவே.

ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ 1,076.4 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. முன்னதைப் பின்னதால் வகுத்தால், ஓர் ஏர் 2.471 சென்ட் ஆகிறது. எனவே,

40.50 ஏர் × (2.471 சென்ட் / 1 ஏர்) = 100 சென்ட் (ஏறத்தாழ)

அதாவது முழுதாக ஓர் ஏக்கர். கணக்குப் போடாதிருந்தால் அறுபது சென்ட் நிலம் விலையின்றியே கைநழுவியிருக்கும்!

இங்கே ஒரு விதியைக் கவனியுங்கள். எண்ணை ஒருபோதும் அலகின்றி எழுதலாகாது. மாற்றும் அளவைப் பின்னமாக எழுதினால், வேண்டாத அலகு மேலும் கீழும் அடிபட்டு, வேண்டிய அலகு மட்டும் எஞ்சும். வேறு அலகு எஞ்சினால் வழி தவறு என்று உடனே அறியலாம்.

அடுத்து நீர். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கனஅடி. இது இருப்பு. செய்தியில் கேட்கும் "வினாடிக்கு இத்தனை கனஅடி" என்பதோ ஓட்டம். இரண்டையும் இணைப்பது காலம். ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். 100 கோடியை 86,400ஆல் வகுத்தால் 11,574 வரும். ஆக, வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால் ஒரு டி.எம்.சி.

இதை நம் வயலுக்குப் பொருத்துவோம். மேட்டூரின் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. வழக்கமான பாசனக் காலம் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை, 137 நாட்கள். அதற்குரிய நீர் 9.6 டி.எம்.சி.

சராசரி ஓட்டம்: 9.6 × 11,574 ÷ 137 = வினாடிக்கு ஏறத்தாழ 811 கனஅடி.

ஏக்கருக்குக் கிடைப்பது: 960 கோடி ÷ 45,000 = 2,13,333 கனஅடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஆகவே நீரின் மொத்த உயரம் ஏறத்தாழ 4.9 அடி, நாளொன்றுக்கு அரை அங்குலத்திற்கும் குறைவு. கசிவும் ஆவியாதலும் போக வயலுக்குச் சேர்வது இதனினும் குறைவே. தலைமடையில் வீணாகும் நீர் கடைமடைக்காரரின் பங்கு என்பதை இந்த எண் சொல்லாமல் சொல்கிறது.

மனத்தில் வைக்க ஓர் எளிய வாய்பாடு: வினாடிக்கு ஒரு கனஅடி நீர் ஒரு மணி நேரம் ஓடினால் 3,600 கனஅடி. ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் நீர் நிற்க வேண்டுவது 3,630 கனஅடி. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. மடைமீது நின்றபடியே வாய்க்கணக்காகச் சொல்லிவிடலாம்.

அலகு மாறினால் எண் மாறும், அளவு மாறாது. இதை அறிந்தவர் ஏமாறுவதில்லை. பிறர் ஏமாறவும் விடுவதில்லை. இந்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்களே, வீட்டுப் பட்டாவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெற்றோருக்கு அதனைச் சென்ட் கணக்கில் சொல்லிக் காட்டுங்கள். நாம் கற்ற கணிதத்திற்கு அதைவிடச் சிறந்த தேர்வு வேறில்லை.