இருளிலும் ஒலித்த ஒன்பதாவது சிம்பொனி

பாடகரும் வாத்தியக்காரருமாக இருநூறு பேர் வரையில் கூடியிருக்கின்றனர். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி இறுதிப் பகுதியை நெருங்கும் வேளையில் மின்சாரம் நின்றுவிடுகிறது. எதிரே இருக்கும் இசைத்தாள் தெரியவில்லை. ஆயினும் இசை நிற்கவில்லை, கும்மிருட்டில் தொடர்கிறது. 2010ஆம் ஆண்டு குளோஸ் விஷ்மன், மார்ட்டின் பேயர் ஆகிய இருவரின் நெறியாள்கையில் ஜேர்மனியிலிருந்து வெளிவந்த 'கின்ஷாசா சிம்பொனி' என்னும் ஆவணப்படம் காட்டும் காட்சி இது. பகலில் வேறு தொழில் பார்த்துவிட்டு மாலையில் ஒன்றுகூடிச் சாஸ்திரிய சங்கீதம் பயிலும் கொங்கோ நாட்டுத் தலைநகர் மக்களின் கதையை அப்படம் கூறுகிறது.

கொங்கோ மக்கள் எம்மவர்க்கு அந்நியரல்லர். பரிஸ் லா சப்பல் கடைத்தெருவிலிருந்து சிறிது தூரம் நடந்தால் அவர்கள் கூடும் ஷத்தோ றூஜ் வந்துவிடும். அகதி அந்தஸ்துக் கோரிப் பிரான்சிலே காத்துநின்ற வரிசைகளில் அவர்களும் நாமும் முன்னும் பின்னுமாக நின்றிருக்கிறோம். அவர்களுடைய நாட்டுப் போரைப் பற்றிக் கேள்விப்பட்ட அளவுக்கு இந்த இசைக்குழுவைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

குழுவை 1994இல் தொடங்கியவர் ஆர்மன்ட் டியாங்கியெண்டா. இவர் தொழிலால் விமானி. பணியாற்றிய நிறுவனத்தின் விமானமொன்று விபத்துக்குள்ளானதையடுத்து வேலையை இழந்தார். இசைக் கல்லூரியில் பயின்றவரல்லர். தாமே முயன்று கற்றவர். 1991இலும் 1993இலும் சம்பளம் கிடைக்காத படையினர் கின்ஷாசாவைச் சூறையாடியிருந்தனர். கடைகள் வெறுமையாகிக் காசு பெறுமதி இழந்துகிடந்த அத்தகைய காலத்தில், வேலையற்ற ஒருவர் சிம்பொனிக் குழு அமைக்கப் புறப்பட்டதைக் கண்டு அயலவர் சிரித்திருந்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் அவர் வெறுங்கையோடு தொடங்கவில்லை. அவருடைய பாட்டனார் சிமோன் கிம்பாங்கு கொங்கோவில் சுதேசத் திருச்சபையொன்று உருவாகக் காரணமாயிருந்தவர். பெல்ஜியக் குடியேற்ற ஆட்சி 1921இல் அவரைக் கைதுசெய்து மரணதண்டனை விதித்து, பின்னர் அதனை ஆயுட்சிறையாக மாற்றியது. முப்பது ஆண்டுகளைச் சிறையிலே கழித்து, 1951இல் அங்கேயே உயிர்நீத்தார். அவர் பெயரால் வளர்ந்த சபையில் பாடகர் குழுக்களும் ஊதுகுழல் வாத்தியக் குழுக்களும் நெடுங்காலமாக இருந்துவந்தன. ஆகவே பாடவும் ஊதவும் ஆட்கள் இருந்தனர். இல்லாதவை தந்தி வாத்தியங்களே.

இங்கேதான் இக்குழுவின் உண்மையான வரலாறு தொடங்குகிறது. வயலின் பயில முன்வந்தோர் ஒரு டசின் பேர். கிடைத்த வயலின்களோ ஐந்தாறு. ஒருவர் இருபது நிமிடமளவில் வாசித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார். தந்தி அறுந்தால் வாங்குவதற்குக் கடை இல்லை. துவிச்சக்கர வண்டியின் பிறேக் கம்பியைப் பிரித்து, அதிலிருந்து ஓர் இழையை எடுத்துப் பூட்டினார்கள். வயலின் பழகிய பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்: கம்பியின் தடிப்பு சிறிது மாறினாலே சுருதி பிசகும், விரல் நோகும். அத்தகைய கம்பியில் பீத்தோவனை வாசிப்பது இலேசான காரியமன்று. இசைத்தாள்களையும் கையால் பிரதிசெய்தே பயன்படுத்தினர். மின்னியலாளர், முடிதிருத்துவோர், சந்தையில் முட்டை விற்பவர் என அங்கத்தவர்களின் தொழில்கள் பலவகைப்பட்டவை.

1997இல் மொபுட்டு ஆட்சி கவிழ்ந்தது. 1998 ஓகஸ்ட்டில் கிளர்ச்சியாளர்கள் இங்கா அணைக்கட்டைக் கைப்பற்றி, கின்ஷாசா நகருக்கான மின்சாரத்தையே துண்டித்தனர். போர் 2003 வரை நீடித்தது. குழு கலையவில்லை.

ஒருவர் கேட்கக்கூடும்: பாட்டனாரைச் சிறையிலடைத்த ஐரோப்பியரின் இசையைப் பேரன் எதற்காக வாசிக்கவேண்டும்? உலகப் புகழ்பெற்ற ரும்பா இசை அவர்களிடமே இருக்கிறதே! நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்பதாவது சிம்பொனியின் பிறப்பை அறிந்தோர் இக்கேள்வியை வேறுவிதமாக நோக்குவர். 1824 மே 7ஆம் திகதி வியன்னாவில் அது முதன்முதலாக அரங்கேறியபோது, அரங்கின் வாத்தியக் குழு மட்டும் போதாமையால் நகரத்து இசை ஆர்வலர்களையும் சேர்த்துக்கொண்டனர். அவர்கள் இசையால் வயிறு வளர்த்தவர்களல்லர். முழுக்குழுவும் கூடிய ஒத்திகைகள் இரண்டே. செவிப்புலன் இழந்திருந்த பீத்தோவனுக்குக் கரவொலி கேட்கவில்லை. பாடகி ஒருவர் அவரைச் சபையின் பக்கம் திருப்பிவிட்ட பின்னரே அதனைக் கண்ணால் கண்டார். எனவே இவ்விசை பிறந்த நாளிலேயே சாதாரணர் கைபட்டது. அதைக் கின்ஷாசா மக்கள் கையிலெடுத்ததை இரவல் என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. டியாங்கியெண்டா தாமாகவும் வாத்தியக் குழுவுக்கான ஆக்கங்களை எழுதியுள்ளார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

படத்தில் கேட்கும் வாசிப்பு குறைகளற்றதன்று. வயலின்கள் சில இடங்களில் சுருதி விலகுகின்றன. பிரெஞ்சும் லிங்காலாவும் பேசும் பாடகர்கள் ஜேர்மன் சொற்களை ஒவ்வோர் எழுத்தாக உச்சரித்துப் பழகும் காட்சியும் உண்டு. இந்தச் சிம்பொனியில் பாடகர்கள் முதல் மூன்று பகுதிகளிலும் வாய் திறவாது காத்திருக்கவேண்டும். நான்காம் பகுதியிலேதான் மனிதக் குரல் எழுகிறது. நாள்முழுதும் சந்தையில் நின்றுவிட்டு வந்தவர் அவ்வளவு நேரம் பொறுத்திருந்து பாடும்போது வெளிப்படும் வேகம், பயிற்சிபெற்ற ஐரோப்பியக் குழுக்கள் பலவற்றில் எமக்குக் கிடைக்கவில்லை.

ஒன்பதாவது சிம்பொனியை எழுதித்தருமாறு 1817இல் பீத்தோவனைக் கேட்டுக்கொண்டது லண்டன் பில்ஹார்மோனிக் சங்கம். அதற்கு அச்சங்கம் கொடுத்த தொகை ஐம்பது பவுண்கள். வாக்னர், பிராம்ஸ், ஸ்ட்ராவின்ஸ்கி முதலானோரைக் கௌரவ அங்கத்தவர்களாகக் கொண்டிருந்த அதே சங்கம், தனது இருநூறாவது ஆண்டான 2013இல், ஆர்மன்ட் டியாங்கியெண்டாவின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு அவருடைய குழு பிரித்தானியாவுக்கு வந்து வாசித்தது.