‘ஆமேன்’ முதல் ‘பஸ்கா’ வரை: கிறிஸ்தவத்தின் யூத வேர்கள்

சித்தூர்: தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் ஆந்திர மாநிலத்தின் சித்தூர், திருப்பதி பகுதிகளில், கிறிஸ்தவ வழிபாடும் இரு மொழிகளில் நடைபெறுகிறது. தமிழில் ‘சங்கீதம்’ எனப்படும் வேதநூல் தெலுங்கில் ‘கீர்த்தனலு’ எனப்படுகிறது. ஆயினும் ‘ஆமேன்’, ‘அல்லேலூயா’, ‘ஓசன்னா’ ஆகிய சொற்கள் இரு மொழிகளிலும் மொழிபெயர்க்கப்படாமலேயே ஒலிக்கின்றன. இம்மூன்றும் யூதர்களின் எபிரேய மொழியிலிருந்து வந்தவை. முறையே ‘அப்படியே ஆகுக’, ‘ஆண்டவரைத் துதியுங்கள்’, ‘இரட்சித்தருளும்’ என்பன அவற்றின் பொருள்.

சித்தூர் வட்டாரத்தில் 1853-இல் தோன்றிய அமெரிக்க ஆற்காடு மிஷனும், திருப்பதி வட்டாரத்தில் ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனும் பணியாற்றின. இதனால் கிறிஸ்தவத்தை மேலைநாட்டுச் சமயமாகக் கருதுவோர் உண்டு. ஆனால் அதன் பிறப்பிடம் மேற்காசியா; அதன் தாய் யூத சமயம்.

பொதுவான வேதநூல்

இயேசு யூதராகப் பிறந்தவர். எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்யப்பட்டு, ஜெப ஆலயங்களில் போதித்தவர். பன்னிரு சீடர்களும் பவுலும் யூதர்களே. புராட்டஸ்டன்ட் வேதாகமத்தின் 66 நூல்களில் பழைய ஏற்பாட்டின் 39 நூல்கள், யூதர்கள் 24 எனக் கணக்கிடும் அதே நூல்களாகும். வரிசையும் பகுப்பும் மட்டுமே வேறுபடுகின்றன. இறையன்பு, பிறரன்பு ஆகிய இரண்டையும் முதன்மைக் கட்டளைகளாக இயேசு கூறியபோது, உபாகமம், லேவியராகமம் ஆகிய யூத வேதநூல்களையே எடுத்தாண்டார்.

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை யூதர்கள் நினைவுகூரும் பஸ்கா காலத்தில்தான் இயேசுவின் சிலுவை மரணம் நிகழ்ந்தது. ஐம்பதாம் நாளில் வரும் யூதர்களின் வாரங்களின் பண்டிகையே கிறிஸ்தவர்களின் பெந்தெகொஸ்தே நாளாயிற்று.

பிரிவும் அதன் விலையும்

இயேசுவே எதிர்பார்க்கப்பட்ட மேசியா என்பதை யூதர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. யூதரல்லாத பிற இனத்தார் பெருகப் பெருக, இரு சமயங்களும் படிப்படியாகப் பிரிந்தன. உயிர்ப்புப் பெருவிழாவின் நாளை யூத நாட்காட்டியைச் சாராமல் கணிக்க, கி.பி. 325-இல் கூடிய நிசேயா சங்கம் வழிவகுத்தது.

இயேசுவின் மரணப் பழியை யூத இனம் முழுவதன் மீதும் சுமத்திய போதனை, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் யூத வெறுப்பை வளர்த்தது. அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட நாஜிப் படுகொலைக்குப் பின்னரே திருச்சபைகள் ஆழ்ந்த மறுஆய்வில் இறங்கின. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ‘நோஸ்த்ரா ஏத்தாத்தே’ அறிக்கை, அப்பழியை அன்றைய யூதர் அனைவர் மீதோ இன்றைய யூதர் மீதோ சுமத்தலாகாது என அறிவித்தது.

ஆந்திராவின் தனி அனுபவம்

இவ்வேரைத் தேடியோர் ஆந்திராவிலும் உண்டு. குண்டூர் மாவட்டம் கொத்தரெட்டிப்பாலெத்தில், முன்னர் கிறிஸ்தவர்களாக இருந்த தலித் குடும்பங்கள் சில, 1980-களின் இறுதியிலிருந்து தம்மை எப்பிராயீம் கோத்திரத்தின் வழிவந்த ‘பெனே எப்ராயீம்’ யூதர்கள் என அறிவித்து, ஜெப ஆலயம் அமைத்து ஓய்வுநாளைக் கடைப்பிடித்து வருகின்றனர்.

வேரை அறிவதற்கு அனைவரும் சமயம் மாற வேண்டியதில்லை. யூத சமயம் கிறிஸ்தவத்தின் கடந்தகாலம் மட்டுமன்று; இன்றும் வாழும் தனிச்சமயம். ஞாயிறுதோறும் ‘ஆமேன்’ என்போர், அச்சொல்லை அளித்த மக்களை வெறுக்க நியாயமில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம்.