லயத்துப் பலாவும் லண்டன் பர்கரும்

நுவரெலியாத் தோட்டங்களுக்கு வாய்க்காத ஒரு கொடை எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, காவத்தை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வாய்த்திருக்கிறது. மேல்மலைக் குளிரில் கேரட்டும் லீக்ஸும் செழிக்கும். பலா சரியாக வராது. சப்ரகமுவவின் தாழ்ந்த மலைகளிலோ அதற்குத் தண்ணீர் ஊற்றவும் ஆள் வேண்டாம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. அந்த ஈரத்திலும் சூட்டிலும் றப்பர் மலையோரம், லயத்துக்குப் பின்னால், கோயிலடியில், சிங்களக் கிராமமும் தோட்டமும் சந்திக்கும் எல்லையில் என்று கண்ட இடத்திலெல்லாம் பலா நிற்கிறது.

இதே பலாப்பிஞ்சு இன்று லண்டனிலும் நியூயோர்க்கிலும் சைவ பர்கருக்குள் இருக்கிறது. வேகவைத்துப் பிய்த்தால் இறைச்சி நாரைப் போல வருவதால் அங்கே அதற்கு மவுசு. உப்புநீரில் போட்டு டின்னில் அடைத்த பிஞ்சு இலங்கையிலிருந்தும் ஏற்றுமதியாகிறது. கேரள அரசு 2018 மார்ச் 21 அன்று பலாவை மாநிலப் பழமாக அறிவித்தது. ஆனால் தோட்டங்களில் அவித்த பலாக்காயை வேலைக்குக் கட்டிக்கொண்டு போனவர்களில், மற்றவர் பார்த்துவிடுவாரோ என்று மூடி மூடிச் சாப்பிட்டவர்கள் உண்டு. அரிசி வாங்கக் காசில்லாத வீட்டுச் சாப்பாடு என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தக் கூச்சம் இனியாவது ஒழிய வேண்டும்.

பிஞ்சாக இறக்கினால் பொலோஸ். கிராமத்து அயலவரும் தோட்டத்தவரும் பகிர்ந்துகொண்ட கறி இது. துண்டு போட்டு, கொறுக்காய்ப் புளியும் வறுத்த கறித்தூளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, மண்சட்டியில் மெல்லிய தீயில் மணிக்கணக்காக வைத்தால் துண்டு கறுத்துச் சிவந்து வரும். ஆறவைத்து மறுநாள் எடுத்தால் ருசி இன்னும் கூடும். முற்றிய காய் வேறு சாப்பாடு. கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு பிளந்து, பாலைத் துடைத்து, சுளையை எடுத்து, மஞ்சளும் உப்பும் போட்டு மூடி அவிக்க வேண்டும். மேலே தேங்காய்ப்பூ, பக்கத்தில் கட்டச்சம்பல், கிடைத்தால் ஒரு துண்டுக் கருவாடு. ஒரு காய் ஒரு குடும்பத்தின் இரண்டு நேரப் பசியைத் தாங்கும். பழுத்தால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும்.

கொட்டையைக் கழுவிக் காயவைத்து மணலில் புதைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். சுட்டுத் தேத்தண்ணியோடு கடிக்கலாம், பருப்போடு சேர்த்துக் கறி வைக்கலாம். வெயிலை நம்ப முடியாத மழைநாட்டில் அவித்த சுளையை அடுப்புக்கு மேலே புகையில் உலர்த்திப் பஞ்ச மாதத்துக்கு எடுத்து வைப்பதும் உண்டு. இலை ஆட்டுக்கு, சடையும் தோலும் மாட்டுக்கு. மரத்தின் வைரப்பகுதியைக் கொதிக்க வைத்தால் மஞ்சள் சாயம் இறங்கும். பௌத்த பிக்குகளின் சீவரத்துக்கு நிறமேற்றியது அந்தச் சாயந்தான். இயற்கைச் சாயம் பூசிய உடைக்குக் கூடுதல் விலை கொடுக்க நகரத்தில் இப்போது ஆள் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பலாக்காய் இறைச்சியைப் போலத் தோன்றுமே தவிர, இறைச்சியின் புரதம் அதில் இல்லை. கொட்டையில் ஓரளவு உண்டு. வளரும் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் பருப்போ முட்டையோ நெத்தலியோ கூடவே வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு நம்பிக்கை தரும் சேதியும் இருக்கிறது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில் 40 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. சோறு அல்லது கோதுமை மாவில் ஒரு பகுதிக்குப் பதிலாக நாளுக்கு 30 கிராம் பலாக்காய் மாவு எடுத்தவர்களின் இரத்தச் சர்க்கரை அளவு குறைந்தது. ஆய்வு சிறியது, மருந்தை நிறுத்த அதைக் காரணமாக்கக் கூடாது. என்றாலும் காலையிலும் இரவிலும் கோதுமை மா ரொட்டியிலேயே நிற்கும் தோட்டத்து வீடுகள் இதைக் கவனிப்பது நல்லது.

அந்த ரொட்டிக்கே ஆபத்து வந்தது 2022இல். செப்டம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. நாட்சம்பளத்தில் மா வாங்க முடியாமல் போன நேரத்தில், நாட்டின் பல பகுதிகளில் உலையேறியது பலாக்காய்தான். அந்த மரங்களில் பலவற்றின் பின்னால் ஒரு மனிதரின் உழைப்பும் இருக்கிறது. 1915 கலவர காலத்தில் சிறைப்பட்ட பாணந்துறை ஆர்தர் வி. டயஸ், உணவுக்கு நாடு வெளியே கையேந்தக் கூடாது என்று பத்து லட்சம் பலாக்கன்று நடும் இயக்கத்தைத் தொடங்கினார். சிங்கள மக்கள் அவரைக் 'கொஸ் மாமா' (பலா மாமா) என்றே அழைத்தார்கள். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சொந்த நிலத்துப் பலாவைக்கூட அனுமதியில்லாமல் வெட்ட முடியாது.

 

தோட்டத்தில் புதிதாகப் பலா நடுவதற்குத் தடையாக இருப்பது நிலம். மரம் லயத்தை ஒட்டி நின்றாலும், பெரும்பாலான தோட்டங்களில் மண் 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில். நட்டவர் ஒருவர், உரிமை இன்னொருவருக்கு என்றால் யார்தான் எட்டு ஆண்டு காத்திருந்து காய் பார்க்க ஒரு கொட்டையை ஊன்றுவார்? புதிய வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச் கிடைத்த குடும்பங்களின் நிலைமை வேறு. அது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு போக மிஞ்சும் இடத்தில் பெரிய பலா நிற்காது, ஒட்டுக்கன்று நிற்கும். அது மூன்று நான்கு ஆண்டில் காய்க்கத் தொடங்கும். பலா அடிமரத்திலும் பெருங்கிளையிலும் காய்ப்பதால், தலையை வெட்டி உயரத்தை அடக்கினாலும் காய்க்கு நட்டமில்லை. வேரில் தண்ணீர் தேங்கினால் மட்டும் பிழைக்காது. ஆகவே மே மாத மழை தொடங்கும்போது, தண்ணீர் வடியும் சரிவாகப் பார்த்து, வீட்டுச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளிக் குழி வெட்ட வேண்டும்.