ஒரு விரற்கடை இடம்

1900 பிப்ரவரி கடைசியில், கனடாவின் யூகான் பகுதியிலிருக்கும் டாசன் நகரிலிருந்து எட் ஜெஸ்ஸன் என்பவர் சைக்கிளில் கிளம்பினார். போகவேண்டிய ஊர் நோம், அலாஸ்காவின் மேற்குக் கடலோரம். அங்கே கடற்கரை மணலிலேயே தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி டாசன் முழுக்கப் பரவியிருந்தது. தூரம் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். பாதையில் பெரும்பகுதி உறைந்துகிடந்த யூகான் ஆறு. வழியில் பேரிங் எண்ணெய் உறைந்து இறுகியது, டயர் கல்லாகிப்போனது. அப்படியும் மார்ச் கடைசியில் நோம் போய்ச் சேர்ந்துவிட்டார். அதே வழியில் மார்ச் தொடக்கத்தில் சைக்கிளில் கிளம்பிய மேக்ஸ் ஹிர்ஷ்பர்க் என்பவர், தாம் உடுத்தியிருந்ததையெல்லாம் தம் நினைவுக் குறிப்பில் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். காலுக்குக் கனத்த கம்பளிக் காலுறை இரண்டு சோடி, அதற்குமேல் கணுக்காலைத் தாண்டி ஏறும் ஃபெல்ட் காலணி.

இன்றைக்கு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மினியாபோலிஸ் நகரில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை −9°C அளவில் இருக்கும். பழைய ரயில் தடத்தில் போட்ட மிட்டவுன் கிரீன்வே என்ற சைக்கிள் பாதையில் பனியை வாரித் தள்ளிவிடுகிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் அதில் மிதித்துப் போகிறார்கள். அவர்களில் சிலர் காலில் குளிர்கால சைக்கிளோட்டத்துக்கென்றே செய்த பூட்ஸ் இருக்கும். விலை 300 டாலருக்கும் மேல். நீர் புகாத மேல்துணி, செயற்கை இழை அடுக்கு, அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் உலோகத் துண்டு என்று எல்லாம் உண்டு. உள்ளே பிரித்தெடுத்தால் ஃபெல்ட் உறை, அதற்குள் கம்பளிக் காலுறை.

120 ஆண்டுகளில் பொருள்கள் எவ்வளவோ மாறிவிட்டன. இந்த பூட்ஸின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஹிர்ஷ்பர்கின் காலணிக்குள் விரல்கள் அசைய இடம் இருந்திருக்கும். அந்த இடம் நடுவில் பல பத்தாண்டுகள் காணாமல் போய், சமீபத்தில்தான் திரும்பி வந்திருக்கிறது.

காலுக்குள் நடப்பது

குளிர் பட்டதும் உடம்பு முதலில் காப்பாற்ற நினைப்பது நெஞ்சையும் வயிற்றையும். அதற்காகக் கை கால் விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். கால்விரல்களில் தசை மிகக் குறைவு. அவற்றால் தாமாகச் சூடு உண்டாக்கிக்கொள்ள முடியாது, ரத்தம் கொண்டுவந்து தருவதுதான். நடக்கிறவருக்கு ஒவ்வொரு அடியிலும் பாதம் வளைந்து நிமிர்கிறது, அந்த அசைவு ரத்தத்தைத் தள்ளிக் கொடுக்கிறது. சைக்கிள் மிதிக்கும்போது தொடைதான் உழைக்கிறது. பாதம் விறைப்பான அடியின்மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு வண்டியின் வேகமே காற்றை உண்டாக்குகிறது. −15°C-இல் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால், வெறும் தோலுக்கு அது ஏறக்குறைய −24°C போல உறைக்கும். முன்னால் நீட்டிக்கொண்டு போகும் பாதம்தான் அந்தக் காற்றை முதலில் வாங்குகிறது.

இதில் பூட்ஸ் செய்யக்கூடியது ஒன்றே. அது சூடு தராது, இருக்கிற சூட்டைப் பிடித்துவைக்கும். பிடித்துவைப்பது அசையாமல் நிற்கும் காற்று. கம்பளி, ஃபெல்ட், பின்னால் வந்த செயற்கை இழை எல்லாம் காற்றைச் சின்னச் சின்ன அறைகளில் நிறுத்திவைக்கும் வேலையைத்தான் செய்கின்றன. நசுக்கினால் காற்று வெளியேறிவிடும். ஆண்டுக்கணக்கில் படுத்து அமுங்கிப்போன இலவம்பஞ்சு மெத்தையில் பஞ்சு இருக்கும், மெத்து இருக்காது. இறுக்கமான பூட்ஸுக்குள் திணித்த மூன்று சோடிக் காலுறையின் கதியும் அதுதான். கூடவே அந்த இறுக்கம், ஏற்கெனவே சுருங்கியிருக்கும் ரத்தக் குழாய்களை இன்னும் நெரிக்கிறது. ஒரு சோடியைக் கழற்றிவிட்டால் கால் சூடாவது இதனால்தான்.

வடதுருவப் பகுதி மக்களுக்கு இது பழைய பாடம். கரிபூ மான் தோலிலும் கடல்நாய்த் தோலிலும் அவர்கள் தைத்த மக்லக் காலணி தளர்வாக இருக்கும். அடியில் காய்ந்த புல்லைப் பரப்பிக்கொள்வார்கள். ஈரமான புல்லை எடுத்துவிட்டு வேறு வைத்துக்கொள்ளலாம். தென்துருவத்துக்குப் போன நார்வேக்காரர் ஆமுண்ட்சென் இதைக் கஷ்டப்பட்டுக் கற்றார். 1911 செப்டம்பரில் அவசரப்பட்டுக் கிளம்பி, −50°C-க்கும் கீழே போன குளிரில் திரும்ப வேண்டிவந்தது. கூட வந்தவர்களில் மூவருக்குக் குதிகாலில் பனிக்கடி. அந்த ஆண்டில் அவர்கள் பூட்ஸைத் திரும்பத் திரும்பப் பிரித்து, உள்ளிடத்தைக் கூட்டித் தைத்தார்கள். அக்டோபரில் மறுபடி புறப்பட்டு, டிசம்பர் 14 அன்று துருவத்தை அடைந்தார்கள்.

இறுக்கம் வந்த வழி

சைக்கிள் உலகத்தில் இடத்தைக் காணாமல் போக்கியது பந்தயம். பந்தயக்காரருக்குக் காலின் ஒவ்வொரு அசைவும் வீணாகும் சக்தி. அதனால் மெல்லிய தோல், குறுகலான முனை, விறைப்பான அடி. அந்தக் காலணியைப் பெடலிலிருந்த உலோகக் கூட்டுக்குள் நுழைத்து, மேலே தோல்வாரால் இறுக்கிக் கட்டினார்கள். கோடையில் குறையொன்றும் இல்லை. குளிரிலும் அதையே போட்டார்கள். 1980 ஏப்ரலில் பெல்ஜியத்தின் லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் பந்தயம் பனிப்பொழிவில் நடந்தது. 174 பேர் கிளம்பி 21 பேர்தான் முடித்தார்கள். வென்ற பெர்னார் இனோவுக்குக் கைவிரல்களில் வந்த பாதிப்பு பிறகும் போகவில்லை. தாங்கிக்கொள்வதுதான் வீரம் என்ற காலம் அது. உடுப்பை மாற்றினால் என்ன என்று கேட்டவர்கள் குறைவு.

1984-இல் பிரான்சின் லுக் நிறுவனம், பனிச்சறுக்குக் கட்டையிலிருந்த பூட்டு முறையைப் பந்தய சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. 1990-இல் ஜப்பானின் ஷிமானோ, மண்பாதை சைக்கிளுக்கென்று எஸ்பிடி பெடலை வெளியிட்டது. தோல்வார் ஒழிந்தது, காலை நெரிக்கும் ஒரு காரணம் போனது. பதிலுக்கு வேறொன்று வந்தது. காலணியின் அடியில் ஓட்டை போட்டு, உலோகத் துண்டைத் திருகாணியால் முடுக்க வேண்டும். கால்விரல்களின் அடிப்பகுதிக்கு நேர்கீழே குளிர் ஏறிவர ஒரு வழி திறந்தது. பூட்டும் காலணி வழுக்கக்கூடாது என்பதால் அதையும் கச்சிதமாகவே வாங்கினார்கள்.

ரொட்டிப் பையும் ராணுவ பூட்ஸும்

1987-இல் அலாஸ்காவில், நாய் வண்டிப் பந்தயத்துக்குப் பேர்பெற்ற இடிடராட் தடத்தில், இடிடபைக் என்று ஒரு சைக்கிள் பந்தயம் தொடங்கியது. பனியில் 200 மைல். அதற்கென்று சைக்கிளும் கிடையாது, காலணியும் கிடையாது. கைவசம் இருந்ததை வைத்துத்தான் சமாளித்தார்கள்.

அந்தக் காலத்துக் கைவைத்தியங்கள் பல. ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் காலுறைமேல் மாட்டிக்கொள்வது எல்லாருக்கும் தெரிந்தது. காலணிக்குமேல் இன்னொரு ரப்பர் நுரை உறையை இழுத்துப் போடுவது அடுத்தது. அது காற்றைத் தடுக்கும், இறுக்கமாக இருந்தால் காலையும் நெரிக்கும். பனியில் நடக்க வைத்திருக்கும் சாதாரண பூட்ஸை, இரண்டு அளவு பெரியதாக வாங்கி, தட்டைப் பெடலில் மிதித்தவர்கள் புத்திசாலிகள்.

எல்லாவற்றிலும் வினோதமானது அமெரிக்க ராணுவத்தின் வெள்ளை ரப்பர் பூட்ஸ். 1950 கடைசியில் கொரியப் போரில், சோசின் ஏரிப் பக்கம், குண்டுக்கு இணையாகக் குளிரும் படைவீரர்களைச் சாய்த்தது. அதற்கு விடையாக வந்த பூட்ஸ் வரிசையில் இதுவும் ஒன்று. இரண்டு ரப்பர் அடுக்குக்கு நடுவே கம்பளியை வைத்துக் காற்றுப்புகாமல் அடைத்திருப்பார்கள். கால் வேர்த்தாலும் அந்த ஈரம் கம்பளிக்குப் போகாது. −54°C வரை தாங்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். விமானத்தில் போகும்போது உள்ளே அடைபட்ட காற்று உப்பிவிடாமல் திறந்துவிடப் பக்கவாட்டில் ஒரு சிறு வால்வு இருக்கும். நிறத்தையும் பெருத்த உருவத்தையும் வைத்து அலாஸ்காக்காரர்கள் இதை முயல் பூட்ஸ் என்பார்கள். பழைய ராணுவச் சாமான் கடையில் வாங்கி, அகலமான பெடலில் வைத்து மிதித்தார்கள். கனம் அதிகம், கால் நனைந்தபடியே இருக்கும், ஆனால் விரல் தப்பிக்கும்.

கடைக்கு வந்த பூட்ஸ்

2005-இல் மினசோட்டாவின் சர்லி நிறுவனம் பக்ஸ்லி என்ற சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவந்தது. டயரின் அகலம் 3.7 அங்குலம். பனியில் புதையாமல் மிதந்து போகும். கொட்டகையில் தாங்களே ஒட்டுவேலை செய்துகொண்டிருந்த சிலரின் பைத்தியம், யாரும் வாங்கக்கூடிய வண்டியானது. அதே 2005-இல் மினசோட்டாவின் வட எல்லையில் ஏரோஹெட் 135 பந்தயமும் தொடங்கியது. ஜனவரி கடைசியில், ஆண்டின் மிகக் குளிரான நாள்களைப் பார்த்து நடத்துகிறார்கள். தூங்குபை இல்லாமல் கிளம்ப விடமாட்டார்கள்.

வண்டி வந்தபின் காலணிக்கும் சந்தை வந்தது. இல்லினாயில் தொடங்கிய லேக் நிறுவனம் குளிர்கால பூட்ஸை அகலப் பாதத்துக்கென்று தனி வார்ப்பிலும் செய்தது. மினசோட்டாவின் ஃபார்ட்டிஃபைவ் நார்த், குளிர்காலச் சைக்கிளுக்காகவே தொடங்கிய நிறுவனம். அது உல்ஃப்ஹாமர் என்ற பூட்ஸையும், பிறகு கடுங்குளிருக்கு உல்ஃப்கார் என்பதையும் கொண்டுவந்தது. பின்னதில் கம்பளி ஃபெல்ட் உள்ளுறையைத் தனியாகக் கழற்றலாம். ராத்திரி அடுப்புப் பக்கத்தில் உலர்த்திக் காலையில் மாட்டிக்கொள்ளலாம். மக்லக்கின் காய்ந்த புல் செய்ததை இது செய்கிறது. நீர் புகாத கோர்-டெக்ஸ், சூட்டைப் பிடித்துவைக்கும் தின்சுலேட் எல்லாம் 1970களிலேயே கடைக்கு வந்தவை. துணி எப்போதோ தயாராக இருந்தது. விரல் அசைய வேண்டும் என்று சைக்கிள் காலணி செய்கிறவர்கள் நினைப்பதற்குத்தான் இத்தனை காலம் பிடித்தது.

இன்று வாங்குகிறவருக்கு

மினசோட்டாவிலும் கனடாவிலும் வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள் யாராவது குளிரிலும் சைக்கிள் விடுகிறார்கள் என்றால், கேட்டு வைத்துக்கொள்ள நாலு விஷயம் உண்டு.

கோடைக் காலணியின் அளவை மறந்துவிட வேண்டும். குளிரில் போடப்போகும் தடித்த காலுறையோடு, சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், காகிதத்தில் நின்று பாதத்தை வரைந்துகொள்ள வேண்டும். நீளத்தைப் போலவே அகலத்தையும் பார்க்க வேண்டும். பலருக்கு இடிப்பது சுண்டுவிரல் பக்கம்தான். பூட்ஸின் உள்தகட்டை வெளியே எடுத்து, அதன்மேல் காலுறையோடு நின்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். விரலுக்கு முன்னால் ஒரு விரற்கடையாவது மிச்சம் இருக்க வேண்டும், பக்கவாட்டில் பாதம் வழியக்கூடாது. நாடாவைக் கட்டியபின் ஐந்து விரலையும் மடக்கி நீட்ட முடிய வேண்டும். குதிகால் மட்டும் நழுவக்கூடாது. இதற்குச் சாதாரண அளவிலிருந்து ஒன்றோ இரண்டோ கூடுதலாகப் போக வேண்டிவரும். ஒரே அளவு எண் போட்டிருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் வார்ப்பு வேறு.

அடுத்தது அடிப்பாகம். பூட்டும் பெடல் வேண்டுமென்றால், திருகாணி ஓட்டைகளை உள்ளிருந்து ஒட்டுநாடாவால் மூடி, மேலே ஒரு ஃபெல்ட் தகடு வைக்கலாம். தகடு வைத்தபின்னும் இடம் மிஞ்சுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். பூட்டு தேவையில்லை என்றால் நைலான் தட்டைப் பெடல் போதும். அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவது நைலானைவிடப் பல நூறு மடங்கு.

அப்புறம் ஈரம். வெளியிலிருந்து வருவதைவிடக் காலே வேர்ப்பதுதான் நீண்ட தூரத்தில் வில்லன். மெல்லிய காலுறை, அதன்மேல் நீர் புகாத உறை, அதன்மேல் கம்பளி என்று அடுக்கினால் கம்பளி உலர்ந்தே இருக்கும். பழைய ரொட்டிப் பை வேலை செய்த தத்துவமும் இதுதான்.

நல்ல பூட்ஸ் போட்டும் விரல் வெளுத்து மரத்துப்போகிறவர்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது, விரல்களின் ரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கும் ரேனோ கோளாறாக இருக்கலாம். நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், குளிர் கடிப்பதே தெரியாது. அவர்கள் வலி வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது. பனிக்கடி பட்ட இடத்தைத் தேய்க்கக்கூடாது. மறுபடி உறையாது என்ற இடத்துக்கு வந்தபின் 37–39°C வெதுவெதுப்பான நீரில் வைத்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

300 டாலர் எல்லாராலும் முடியாது. முடிய வேண்டிய கட்டாயமும் இல்லை. பின்லாந்தின் ஔலு நகரம் குளிர்கால சைக்கிளுக்கு உலகப் புகழ் பெற்றது. 2013-இல் முதல் குளிர்கால சைக்கிள் மாநாடு நடந்ததும் அங்கேதான். அந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகள் முதல் பாட்டிமார் வரை பனியில் நடக்கப் போடும் சாதாரண பூட்ஸோடுதான் மிதிக்கிறார்கள். தட்டைப் பெடல், நிதானமான வேகம், பத்திருபது நிமிடப் பயணம். அவர்களுக்குச் சிறப்பு பூட்ஸ் ஆடம்பரம். இரவெல்லாம் காட்டுத் தடத்தில் போகிறவருக்குத்தான் அது அவசியம். வேலைக்குப் போய்வர மட்டும் சைக்கிள் என்றால், ஒரு அளவு பெரிய, கழற்றும் ஃபெல்ட் உறையுள்ள நடை பூட்ஸை வாங்கி, மிச்சப் பணத்தில் ஆணி பதித்த டயர் போட்டுக்கொள்வது மேல். காலுக்குச் சூடு இடத்தில் கிடைத்துவிடும், பனிக்கட்டியில் விழாமலிருக்கத்தான் காசு வேண்டும்.